அர்த்தநாரி மச்சானின் குதிகால்

என் அக்கா சௌந்திரத்தைக் கட்டிய அர்த்தநாரி மச்சானிடம் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால், அவர் சாப்பிடுகிற நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். அப்போதும் பாதிச் சோற்றில் எழுந்து போய், ரோட்டில் யார் வண்டி போகிறது என்று பார்த்துவிட்டு வருவார். கல்யாணத்தன்று தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையைக் காணவில்லை. தேடிப் போனால், பந்தலுக்குப் பின்னால் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெனரேட்டர்க்காரனுக்கு பெல்ட் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்றில் மச்சான் டிரில்லர். வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஆந்திராவிலோ மராட்டியத்திலோ ஏதாவது ஒரு காய்ந்த ஊரில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். அந்த வேலை அவருக்காகவே கண்டுபிடித்ததுபோல் இருந்தது. ஓர் ஊரில் போர் போட்டு முடித்தால் அன்றைக்கே அடுத்த ஊர். நான் சுப்பையன், சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தேன். எனக்குப் பொறுமை கம்மி என்று ஊரில் பேர். மச்சானோடு ஒப்பிட்டால் நான் புத்தர்.

எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பங்குனியில் குண்டம். நீளமாகக் குழி வெட்டி, விறகை அடுக்கி எரித்து, தணலைத் தட்டிப் பரப்பி விடுவார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் அதில் இறங்கி நடப்பார்கள். காப்புக் கட்டிய நாளிலிருந்து கறி, முட்டை என்று கவிச்சி எதுவும் கூடாது, செருப்புக் கூடாது, பெண்டாட்டி பக்கம் போகக் கூடாது. விரதம் சுத்தமாக இருந்தால் தணல் பூவாக இருக்கும் என்பது ஊர் நம்பிக்கை. காலில் கொப்புளம் வந்தால் அவன் விரதத்தில் ஏதோ குறை என்று அர்த்தம். கொப்புளம் வந்தவனை யாரும் திட்ட மாட்டார்கள், சிரிப்பார்கள். டீக்கடையில் உட்கார்ந்து, அந்தக் குறை என்னவாக இருக்கும் என்று ஆளுக்கு ஒரு கதை கட்டுவார்கள். திட்டு வாங்கினால்கூடத் தேவலாம் என்று ஆகிவிடும்.

மச்சான் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து குண்டம் இறங்கிக்கொண்டிருந்தார். எங்கே வேலை செய்தாலும் பங்குனிக்கு வந்துவிடுவார். எண்பதாம் வருஷம் கடப்பைப் பக்கம் வேலை இழுத்துவிட்டது. கேம்ப்பிலேயே காப்புக்கு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு லாரி ஏறியவர், வழியில் ஒரு ரோட்டோர ஓட்டலில் பசி தாங்காமல் ஆம்லெட் சாப்பிட்டுவிட்டார். கையில் இருந்த கயிற்றைப் பார்த்தபோது தட்டு காலியாகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வந்து குண்டம் இறங்கினார்.

மறுநாள் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால் வலது குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பாக ஒரு திட்டு.

அது எத்தனை மாதமாக அங்கே இருந்ததோ, யாருக்குத் தெரியும்? தன் குதிகாலை எவன் திருப்பிப் பார்க்கிறான்? எங்கள் ஊர் ஆண்கள் குண்டம் இறங்கிய மறுநாள் மட்டும்தான் பார்த்துக்கொள்வார்கள். அதனால் மச்சானுக்கு அது தணல் வைத்த சூடாகத்தான் தெரிந்தது. ஆம்லெட்டுக்கு அம்மன் போட்ட முத்திரை என்று முடிவு கட்டிவிட்டார். வலி இல்லை, கொப்புளம் இல்லை, தோல் உரியவில்லை. இதெல்லாம் என்ன மாதிரி தீப்புண் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிப்பதற்கும் ஓரிடத்தில் நிற்க வேண்டுமே.

கேன்வாஸ் ஷூ வாங்கி மாட்டிக்கொண்டார். வேட்டிக்குக் கீழே ஷூவைப் பார்த்து ஊரே கேலி செய்தது. நானும் செய்தேன். செங்கல்லை வைத்துத் தேய்த்தார், டீசல் போட்டுத் துடைத்தார், மஞ்சளை அரைத்து அப்பினார். திட்டு பரவியதே தவிர மறையவில்லை. அடுத்த பங்குனிக்கு விரதத்தில் ஒரு பிசகும் இல்லாமல் இருந்து மறுபடியும் குண்டம் இறங்கினார். போட்ட முத்திரையை அம்மனே எடுத்துக்கொள்வாள் என்று கணக்கு.

அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சித்திரையில் ஒரு நாள் என் ஆபீசுக்கு வந்தவர் சிமெண்ட் தரையில் நடந்த இடமெல்லாம் ஒற்றைக் காலாக ரத்தத் தடம். நான் பிடித்து உட்கார வைத்து ஷூவைக் கழற்றினேன். குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கன்னங்கரேலென்று மேடு தட்டி, நடுவில் வெடித்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

"கத்தாத மாப்ளே. தெரிஞ்சா ஊருக்குள்ள சிரிப்பாங்க" என்றார் மச்சான். அப்புறம் ஆம்லெட் கதையைச் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் அவரை அடிக்கலாமா, அந்தக் குண்டத்துக் குழியில் மண்ணை அள்ளிப் போட்டு மூடலாமா என்று தெரியவில்லை. ஒரு வருஷம்! நாலு பேர் சிரிப்புக்குப் பயந்து ஒரு வருஷம் ஒரு மனுஷன் காலை மறைத்து வைத்திருந்திருக்கிறான். அன்றைக்கே சேலம் பஸ் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவும் வந்தாள்.

சதையில் கொஞ்சம் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று சர்ஜன் சண்முகவேல் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். தோலில் வருகிற புற்றுநோய். தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்களில் கிளம்புவது. நம் ஊர்க்காரர்களுக்கு வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில்தான் வரும். குதிகாலைச் சுற்றி அகலமாக, ஆழமாக வெட்டி எடுத்துவிட்டு, தொடைத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகு அது தொடை இடுக்குக்கோ நெஞ்சுக்கோ ஈரலுக்கோ ஏறாமல் இருக்க வேண்டும். ஏறுமா ஏறாதா என்று இப்போது சொல்ல முடியாது.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மச்சான் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"அப்ப இது தீப்புண்ணு இல்லீங்களா?"

"இல்லைங்க. நெருப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"அம்மன் போட்டது இல்லியா?"

"அதெல்லாம் இல்லைங்க."

மச்சான் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. புற்றுநோய் என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட ஆளை அந்த டாக்டர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிறகுதான் அந்த வார்த்தை அவருக்கு உறைத்தது. வேப்பமரத்தடியில் அப்படியே நின்றுவிட்டார்.

ஆபரேஷன் ஆனது. வார்டில் பக்கத்துக் கட்டிலில் கந்தன் என்று ஒரு பையன், இருபத்தெட்டு வயது இருக்கும். பனமரத்துப்பட்டி ஏரிக்குப் பக்கத்தில் அரளிப்பூத் தோட்டம். அம்மாவும் அவனும் மட்டும். அவனுக்கும் இதே நோய், கால் பெருவிரல் நகத்துக்கு அடியில். நகச்சுத்தி என்று நினைத்து, எல்லோரும் செய்வதுபோல் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் பூப்பறித்திருக்கிறான். இப்போது அந்த விரலே இல்லை. நெற்றி நிறையத் திருநீறு, பிறந்ததிலிருந்து கவிச்சி தொட்டதில்லை, கோபம் வராது. மச்சான் அவனிடம் ஆம்லெட் கதையைச் சொல்ல, கட்டிலே ஆடுகிற மாதிரி சிரித்தான்.

ஒட்டின தோல் பிடிக்கிறவரை காலை அசைக்கக் கூடாது என்று மச்சானுக்கு உத்தரவு. அசைக்கலாம் என்று சொன்ன நாளிலேயே கட்டையை ஊன்றிக்கொண்டு ஆஸ்பத்திரியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். சமையல்கட்டு, பாய்லர் ரூம், சவக்கிடங்கு எதையும் விடவில்லை. வெட்டியெடுத்த துண்டு எங்கே போனது என்று விசாரித்து, அது போன லேபையும் கண்டுபிடித்தார். கந்தனும் நொண்டிக்கொண்டே பின்னால் போக, இரண்டு பேரும் விழுந்து தொலைக்கப் போகிறார்களே என்று நானும் ஓடினேன்.

லேபில் நாற்பது வயதுள்ள ஓர் அம்மாள் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். டாக்டர் ஷஹர்பானு. சேலத்துக்காரர்தான், ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம். வெட்டின சதையைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, என்ன நோய் என்று சொல்வது அவர் வேலை. நோயாளிகள் அந்த அறைக்கு வருவது கிடையாது.

"யாருங்க நீங்கள்லாம்? இங்க வரக்கூடாதே."

"என்ற கால்ல வெட்டுன துண்டு இங்க வந்துச்சுன்னாங்க. அதை ஒருக்கா பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தேனுங்க" என்றார் மச்சான்.

அவர் விரட்டுவார் என்று நினைத்தேன். விரட்டவில்லை. பேரைக் கேட்டு, ஒரு பெட்டியில் தேடி, ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து வைத்து, மச்சானைக் குனியச் சொன்னார். அவருக்குப் பிறகு நானும் பார்த்தேன். பழுப்பும் கறுப்புமாகத் தாறுமாறான கும்பல். அதைச் சுற்றியும், அதன் சந்துபொந்துகளில் நுழைந்தும், நீல நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள், கேழ்வரகு சிந்தின மாதிரி.

"கறுப்பா இருக்கிறது நோய். அந்த நீலப் பொட்டெல்லாம் உங்க உடம்புல ஓடற வெள்ளணுக்கள். காவலுக்கு இருக்கிறவங்க. திருடன் புகுந்த வீட்டை ஊர்ச்சனம் சுத்தி நிக்கும் பாருங்க, அந்த மாதிரி. உங்களுக்கு வெளிய மட்டும் நிக்கலை, உள்ள புகுந்தே பிடிச்சிருக்காங்க. எல்லாருக்கும் இப்படி இருக்கிறதில்லை. இப்படிக் கூட்டமா இருந்தா அந்த நோயாளி பிழைக்கிற வாய்ப்பு ஜாஸ்தின்னு வெளிநாட்டுல எழுதறாங்க. நான் பார்த்த கேஸ்லயும் பெரும்பாலும் அப்படித்தான்."

"அப்ப நான் பொழச்சுக்குவனுங்களா?"

"வாய்ப்பு ஜாஸ்தின்னு சொன்னேன். அதுக்கு மேல சொல்ல எனக்குத் தெரியாது."

மச்சான் திரும்பவும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "கட்டியோட சேத்து இவுங்களையும் வெட்டிப்போட்டீங்களா? இப்ப என்ற உடம்புல காவலுக்கு ஆரு இருக்கறா?"

அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அங்க ஓடினவங்கதான் போனாங்க. மத்தவங்க உடம்பு பூரா இருக்காங்க. திருடன் முகம் இப்ப அவங்களுக்கும் தெரியும்."

"என்ன தின்னா இவுங்க கூடுவாங்க?"

"தெரியாது."

"சில பேருக்குக் கூடறதும் சில பேருக்குக் கூடாததும் எதனாலங்க?"

"தெரியாதுங்க. நிஜமாவே தெரியாது. யாருக்கும் தெரியாது."

தெரியாது என்று சொல்கிற டாக்டரை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மச்சானுக்கு எரிச்சலாக வந்தது. அப்போதுதான் பின்னால் நின்ற கந்தன் மெதுவாக, "எனக்குங்க டாக்டரம்மா?" என்றான்.

அவர் தயங்கினார். அவன் விடவில்லை. வேறு கண்ணாடியை எடுத்து வைத்து நிறைய நேரம் பார்த்தார்.

"உங்களுதுல அவ்வளவா யாரும் வரலை, தம்பி. அதுக்காக எல்லாம் முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்லை."

"தூங்கிட்டாங்களாட்ட இருக்குது" என்றான் கந்தன், ஏதோ தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்ச வராத ஆளைச் சொல்வதுபோல. மச்சான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு மச்சான் பட்ட பாடும் எங்களைப் படுத்திய பாடும் கொஞ்சநஞ்சமல்ல. முன்னால் கால்தான் நிற்காது, இப்போது மனசும் நிற்கவில்லை. காவல்காரர்கள் முழித்திருக்கிறார்களா, தூங்கிவிட்டார்களா? அதுதான் அவருக்கு ஓயாத கேள்வி. இருமல் வந்தால் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்பார். பசிக்கவில்லை என்றால் ஈரலுக்கு என்பார். ஜலதோஷம் வந்து இரண்டு நாளில் போனால், "பாத்தியா, முழிச்சுட்டுத்தான் இருக்கறாங்க" என்று குதிப்பார். சேலத்துக்கு பஸ் ஏறிப் போய் அந்த லேப் வாசலில் நின்று, "இப்ப எப்படீங்க இருக்கறாங்க?" என்று கேட்பார். வெட்டிப் பார்க்காமல் தெரியாது என்று அந்த அம்மாள் சொல்லுவார். அடுத்த வாரம் மறுபடியும் போவார்.

"இந்த மனுசன் ஊட்டுல இருந்தா ஊடு ஊடாட்டவே இல்ல. சோத்தைப் போட்டா சோத்தைக் கேள்வி கேக்கறாரு, தண்ணியக் குடுத்தா தண்ணியக் கேள்வி கேக்கறாரு. இதுக்கு அவரு ஆந்திராவுலயே இருந்திருக்கலாம்" என்று அக்கா என்னிடம் அழுதாள். அவளுக்கு இருந்த பயத்தை அவள் யாரிடம் சொல்வாள்? அதைக் கேட்கிற அளவுக்கு அவர் ஓரிடத்தில் நின்றால்தானே.

நிற்கிற ஒரே இடம் கந்தன் வீடு. மாதத்துக்கு ஒரு தரமாவது பனமரத்துப்பட்டிக்குப் போய்விடுவார். இரண்டு பேரும் அரளிச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார்கள் என்று கந்தனின் அம்மா சாலம்மாள் பின்னாளில் சொன்னாள். என்ன பேசினார்களோ. அங்கிருந்து வருகிற நாளில் மட்டும் மச்சான் இரவில் நன்றாகத் தூங்கினார்.

மறு வருஷம் குண்டம் முடிந்த கையோடு அது வந்தது. மச்சான் குண்டம் இறங்கவில்லை, அக்கா விடவில்லை. வலது தொடை இடுக்கில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி.

எங்கள் பக்கத்தில் காலில் முள் குத்தினாலோ புண் வந்தாலோ தொடை இடுக்கில் வீங்கும். நெறி கட்டியிருக்கிறது என்பார்கள். எல்லோருக்கும் எப்போதாவது கட்டும். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போட்டால் நாலு நாளில் அமுங்கிவிடும். ஊரில் பார்த்தவர்கள் எல்லோரும் நெறிதான் என்றார்கள். மச்சானுக்கும் ஒட்டின தோலின் ஓரத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. ஆனால் நோய் ஏறினால் முதலில் வந்து உட்காருகிற இடமும் அதுதான் என்று சண்முகவேல் டாக்டர் சொல்லியிருந்தார். கட்டி வந்தால் அன்றைக்கே வரச் சொல்லியிருந்தார்.

"இது நெறிதான். காவலுக்கு ஆளுங்க கூடியிருக்கறாங்க" என்றார் மச்சான்.

"அதை டாக்டர் பாத்துச் சொல்லட்டுமுங்க. போலாமுங்க" என்றாள் அக்கா.

"பாக்கறதுன்னா வெட்டி எடுப்பாங்க. கூடுனவங்களையும் சேத்து எடுத்துப்போட்டா அப்பறம் எனக்கு ஆரு இருக்கறா?"

"ஏனுங்க, அது நோயா இருந்தா?"

மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மறுநாள் காலையில் ஆளைக் காணோம். ரிக் லாரியில் ஏறிவிட்டார் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. அவர் பயந்தது கத்திக்கு இல்லை, பதிலுக்கு. கட்டியைத் தொடையில் வைத்துக்கொண்டு, இரண்டில் எது என்று தெரியாமல் இருக்கிறவரை பாதியாவது உயிரோடு இருக்கலாம் என்று நினைத்தார் போல. எனக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. அக்கா சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

ரிக்குக்காரர்களை எனக்குத் தெரியும் என்பதால் வண்டி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்தேன். வெளி மாநிலமெல்லாம் இல்லை. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள்காட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தனியாகப் போனால் கத்துவேன், அவர் இன்னும் தூரமாக ஓடுவார். அதனால் பனமரத்துப்பட்டிக்குப் போய்க் கந்தனைக் கூப்பிட்டேன்.

அவனைப் பார்த்ததும் கூப்பிட வந்ததே தப்போ என்று இருந்தது. அவனுக்கும் தொடை இடுக்கில் கட்டி வந்து, சொன்ன நாளே போய் எடுத்துவிட்டிருந்தான். எடுத்ததில் நோய்தான் இருந்தது. கால் தூண் மாதிரி வீங்கியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க போலாம்" என்றான்.

மஞ்சள்காட்டில் கம்ப்ரசர் போட்ட இரைச்சலில் காது அடைத்தது. பூமியிலிருந்து வெள்ளைப் புழுதி பீறிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே மச்சான் தலை முதல் கால் வரை மாவு பூசின மாதிரி நின்றார். கந்தன் கட்டையை ஊன்றி ஊன்றி வருவதைப் பார்த்ததும் கையைக் காட்டி மெஷினை நிறுத்தச் சொன்னார்.

"எனக்கு யாரும் வரலீங்க" என்றான் கந்தன். "அந்த டாக்டரம்மா ரெண்டாவது தடவையும் பாத்துச் சொல்லிட்டாங்க. அங்கயும் யாரும் வரலையாம். உங்களுக்கு வந்திருக்காங்களா இல்லையான்னு போய்ப் பாக்கறதுக்கு என்னங்க பயம்? எனக்கு மட்டும் அப்படி ஒரு சந்தேகம் இருந்துச்சுன்னா, இந்தக் காலோட ஓடிப் போய்ப் பாப்பேன்."

மச்சான் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பீப்பாயில் முகத்தைக் கழுவினார். கழுவக் கழுவ அழுதார். அப்படியே, அந்த வெள்ளைப் புழுதியோடு, எங்களோடு ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினார்.

கட்டியை எடுத்தார்கள். முடிவு வருகிறவரை அவர் லேப் வாசலிலும் அக்கா ஆஸ்பத்திரிப் பிள்ளையார் கோயிலிலும் இருந்தார்கள். கந்தன் ஊருக்குப் போகாமல் எங்களோடேயே தங்கினான். ஷஹர்பானு டாக்டர் தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"நோய் இல்லைங்க. முழுக்கப் பார்த்துட்டேன். உங்க காவல்காரங்கதான், அத்தனையும் அவங்கதான்."

மச்சான் படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல், அவர் முதுகில் படீர் படீரென்று அடித்தாள். அடித்துவிட்டு அதே முதுகில் சாய்ந்து அழுதாள். அன்றைக்கு எங்கள் எல்லோரையும்விடச் சந்தோஷமாக இருந்தவன் கந்தன்தான். ஓடிப் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான். அவனால் ஓட முடியாது என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று.

அடுத்த தை மாதம் அவன் நெஞ்சில் நோய் தெரிந்தது. மச்சான் என்னையும் இழுத்துக்கொண்டு ஷஹர்பானு டாக்டரிடம் போனார்.

"என்ற உடம்புல இருக்கறவங்கள்ல பாதியை எடுத்து அவுனுக்கு ஏத்துங்க. எனக்குப் பாதி போதுமுங்க."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏத்த முடியாதுங்க. அவங்களுக்கு உங்க வீடுதான் சொந்த வீடு. அவரோட உடம்புக்குள்ள போனா அவரையே திருடன்னு நினைச்சு அடிச்சுருவாங்க. என்னைக்காவது இதுக்கு ஒரு வழி கண்டுபிடிப்பாங்களோ என்னவோ. இன்னைக்கு என்கிட்ட இல்லை."

மச்சான் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

கந்தன் சித்திரையில் இறந்துபோனான். மச்சான் இழவுக்குப் போய், கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். முன்னால் இருந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்கு என்று பறித்த பூவை விற்றிருப்பான், இல்லாவிட்டால் இந்த வயசில் இப்படியா என்றார் ஒருவர். அவனில்லை, ஆத்தாக்காரி ஏதாவது செய்திருப்பாள் என்றார் இன்னொருவர். மச்சான் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வந்துவிட்டார். அதன் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆயுசு கிடைத்த மனுஷன் மாதிரியே இல்லை. காட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் சாலம்மாள் வந்தாள். பனமரத்துப்பட்டியிலிருந்து பஸ் மாறி மாறித் தனியாக வந்திருந்தாள். நான் அங்கேதான் இருந்தேன். அக்கா காப்பி கொடுத்தாள். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, எதிரில் நின்ற மச்சானைப் பார்த்துக் கேட்டாள்:

"சாமி, நீங்க என்ன பண்ணுனீங்க? என் பையன் பண்ணாதது என்னன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க."

மச்சான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க ஆத்தா."

"ஏதாச்சும் பண்ணியிருப்பீங்க. ஒரு விரதம், ஒரு மருந்து, ஒரு நேர்த்திக்கடன்."

"இல்லீங்க. எதனாலன்னு அந்த டாக்டரம்மாளுக்கே தெரியல. என்ற உடம்பு முழிச்சுக்கிச்சு, அவன் உடம்பு முழிச்சுக்கல. அவ்வளவுதானுங்க. நல்லவன் கெட்டவன்னு பாத்து அது முழிக்கிறதில்லீங்க. பாத்திருந்தா அவன்தான் இங்க உக்காந்திருப்பான்."

"அப்ப அவன் குத்தம் ஒண்ணும் இல்லியா?"

"இல்லீங்க."

"நான் பண்ணுனது?"

"நீங்களும் ஒண்ணும் பண்ணலீங்க ஆத்தா" என்றார் மச்சான்.

அவள் அழவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "இதை எங்க ஊருக்கு வந்து, நாலு பேருக்கு முன்னால சொல்லுவீங்களா, சாமி?" என்று கேட்டாள்.

மச்சான் எழுந்து போய்ச் சட்டையை எடுத்து மாட்டினார். அடுத்த பஸ்ஸுக்கு நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம்.